மாவுச்சத்தைக் குறைத்தும் டிரைகிளிசரைடு ஏன் இறங்கவில்லை?

சர்க்கரை நோய்க்காகச் சோற்றையும் இட்லியையும் குறைத்த பலருக்கு, மூன்று மாதம் கழித்து வரும் ரிப்போர்ட் ஒரு புதிரைக் கொண்டுவருகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. இறங்கியிருக்கிறது. பேண்ட் கூட இடுப்பில் தளர்ந்துவிட்டது. டிரைகிளிசரைடு மட்டும் 380. எண்ணெய், நெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார் ஒருவர். மாவுச்சத்தை இன்னும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டச் சொல்கிறார் இன்னொருவர்.

இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் இருவர் மனத்திலும் இருப்பது வெவ்வேறு நோயாளி. டிரைகிளிசரைடு 250 உள்ளவருக்கு நன்மை செய்யும் உணவுமுறை, 1,200 உள்ளவரைக் கணைய அழற்சியோடு மருத்துவமனையில் சேர்த்துவிடக் கூடும். எந்த எண்ணில் எந்த அறிவுரை பொருந்தும், ஏன் பொருந்தும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ரிப்போர்ட்டில் இருக்கும் அந்தப் பெயர்

அடுப்படியில் உள்ள நல்லெண்ணெய், நெய், ஆட்டுக்கறியின் வெள்ளைக் கொழுப்பு, நம் தொப்பையில் சேர்ந்திருப்பது எல்லாமே பெரும்பாலும் டிரைகிளிசரைடுதான். கிளிசரால் என்ற சிறிய மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த பொருள் இது. உடல் தன் எரிபொருளை இந்த வடிவில்தான் சேமித்து வைக்கிறது. கொலஸ்டிரால் வேறு சரக்கு. செல்களின் உறைக்கும் ஹார்மோன்களுக்கும் பித்த நீருக்கும் மூலப்பொருள் அது, எரிந்து ஆற்றல் தராது. இரண்டும் ஒரே தாளில் அச்சாகி வருவதால் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது, ரத்தத்திலும் கரையாது. ஆகவே புரத உறை போர்த்திய நுண்துகள்களுக்குள் ஏறித்தான் இவை ரத்தத்தில் பயணம் செய்கின்றன.

100 மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், வெறும் வயிற்றில் 150க்குக் கீழே இருந்தால் இயல்பு. 150 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200 முதல் 499 வரை அதிகம். 500க்கு மேல் மிக அதிகம். லண்டனிலோ டொரொண்டோவிலோ இருப்பவர்களின் ரிப்போர்ட் மில்லிமோலில் வரும். அந்த எண்ணை 88.6ஆல் பெருக்கினால் நம் கணக்கு கிடைத்துவிடும், 1.7 என்பது 150. கொலஸ்டிராலுக்குப் பெருக்க வேண்டிய எண் 38.7. இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கிவிட்டுப் பதறுகிறவர்கள் உண்டு.

இரண்டு வரத்து, ஒரு மதகு

ஓர் ஏரியில் நீர்மட்டம் ஏறினால் ஊரில் உள்ளவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள்: வரத்து அதிகமா, மதகு அடைத்துக்கொண்டதா? டிரைகிளிசரைடுக்கும் கேட்க வேண்டியவை அவைதான்.

1. குடலிலிருந்து வரும் வரத்து. நாம் சாப்பிடும் கொழுப்பைக் குடல் கைலோமைக்ரான் என்ற பெரிய துகள்களில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புகிறது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஆரோக்கியமான உடலில் 12 மணி நேரத்துக்குள் வடிந்துவிடும்.

2. கல்லீரலிலிருந்து வரும் வரத்து. இது இரவு பகல் ஓயாது. கல்லீரல் தானே டிரைகிளிசரைடு செய்து வி.எல்.டி.எல். என்ற துகள்களில் ஏற்றி அனுப்புகிறது. மூலப்பொருள் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள், செலவாகாமல் மிஞ்சிய மாவுச்சத்தும் சர்க்கரையும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸ் இதில் தனி ரகம். அது நேராகக் கல்லீரலுக்கே போய்ச் சேர்ந்து, எளிதில் கொழுப்பாக மாறிவிடுகிறது.

3. மதகு. தசைகளிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடந்து போகும் துகள்களிலிருந்து டிரைகிளிசரைடை உடைத்து இறக்குவது இதன் வேலை. இரண்டு வரத்துக்கும் மதகு இந்த ஒன்றுதான். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இந்த ஒரு செய்தியில் நிற்கிறது.

மூன்றிலும் இன்சுலினுக்குக் கை உண்டு. கொழுப்புத் திசுவைப் பூட்டி வைப்பது அது. மதகைத் திறப்பதும் அதுவே. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் உடல் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. பூட்டு தளர்ந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குக் கொட்டுகின்றன. மதகும் பாதி இறங்கிவிடுகிறது. கல்லீரலின் நடத்தை இதில் விசித்திரமானது. "சர்க்கரையை வெளியே விடாதே" என்ற இன்சுலின் கட்டளைக்கு அது செவிடாகிவிடுகிறது. "கொழுப்பு செய்" என்ற கட்டளைக்கு மட்டும் காது நன்றாகக் கேட்கிறது. ரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் கைகோத்து ஏறுவது இதனால்தான்.

மாவுச்சத்தைக் குறைத்தால் என்ன நடக்க வேண்டும்

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்து இருந்தால் அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கீட்டோ என்றால் 20 முதல் 50 கிராம். ஒரு கப் சோற்றில் மட்டும் ஏறக்குறைய 45 கிராம் இருக்கிறது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 310 கிராம். இதே ஆய்வுக் குழு 2022இல் தந்த பரிந்துரை கீட்டோவின் பக்கமே போகவில்லை. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்கள் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கிப் புரதத்தைக் கூட்டினாலே நோய் தணிய வாய்ப்புண்டு என்றது அது. பந்தயம் வைத்துக்கொண்டு மாவைத் துறக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மாவு குறைந்தால் கல்லீரலுக்குப் போகும் மூலப்பொருள் குறைகிறது. சாப்பாட்டுக்குப் பின் இன்சுலின் அளவு எகிறுவதும் குறைகிறது. எடை இறங்க இறங்கக் கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைகிறது. சில வாரங்களிலேயே டிரைகிளிசரைடு இறங்க, 'நல்ல கொலஸ்டிரால்' எனப்படும் எச்.டி.எல். சற்று ஏறுவதுதான் வழக்கம். நம் மக்களுக்கு இது சின்ன லாபமில்லை. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் எடுத்து 2014இல் வெளியான இந்தியாப் ஆய்வுப் பகுதியில், டிரைகிளிசரைடு கூடியிருந்தவர்கள் 29.5 சதவீதம், எச்.டி.எல். குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம். 'கெட்ட கொலஸ்டிரால்' எனப்படும் எல்.டி.எல். கூடியவர்களைவிட இவர்களே மிக அதிகம். ஒல்லியான கைகால், முன்தள்ளிய வயிறு, ரிப்போர்ட்டில் இந்த இரண்டு கோளாறு: தெற்காசிய உடல்வாகின் கையெழுத்து இது.

ஆக, மாவுச்சத்தைக் குறைத்தும் டிரைகிளிசரைடு அசையவில்லை என்றால் அது விதிவிலக்கு. விதிவிலக்குக்குக் காரணம் இருக்கும்.

அப்படியும் இறங்காவிட்டால்: தேட வேண்டிய இடங்கள்

1. ரத்தம் கொடுத்த காலை. முதலில் இங்கேதான் தேட வேண்டும். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மாவைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறைக்குப் பழகியவர் காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் பட்டர் டீ குடித்துவிட்டு எட்டு மணிக்கு லேபுக்குப் போகிறார். "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் இல்லை என்கிறார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. அதில் மாவும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனால் 30 கிராம் வெண்ணெயில் சுமார் 24 கிராம் கொழுப்பு இருக்கிறது. ஊசி ஏறும் நேரத்தில் அந்த வெண்ணெய் கைலோமைக்ரான் துகள்களாக ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை அளவு அருமையாக வரும், டிரைகிளிசரைடு மிரட்டும். டிரைகிளிசரைடு பரிசோதனைக்கு வெறும் வயிறு என்றால் 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும். முந்தின நாள் இரவு விருந்தும் கூடாது. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் இந்த எண் 20 சதவீதம் வரை ஆடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 210, 245 என்ற இரண்டு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "ஏறிவிட்டது" என்று தூக்கம் கெடுவது வீண். எடை வேகமாக இறங்கும் வாரங்களை விட்டு, எடை ஓரிடத்தில் நின்ற பிறகு எடுக்கும் ரிப்போர்ட்டே நம்பத் தகுந்தது.

2. குறைத்ததாக நினைத்த மாவு. சோற்றை விட்டுவிட்டுத் தினை, சாமை, வரகுக்கு மாறியவர் மாவைக் குறைக்கவில்லை, மாற்றிக்கொண்டார். சமைக்காத 100 கிராம் சிறுதானியத்தில் மாவுச்சத்து 60 முதல் 70 கிராம், அரிசியில் 78. நார்ச்சத்து கூடுதல் என்பதற்கு மதிப்புண்டு, ஆனால் இரண்டு தட்டுச் சாப்பிட்டால் அந்த மதிப்பும் போய்விடும். தேன், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றுக்குக் கிடைத்திருக்கும் நல்ல பெயர் கல்லீரலுக்குத் தெரியாது. தேனில் ஏறக்குறைய 40 சதவீதம் ஃப்ரக்டோஸ். பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். வார நாளெல்லாம் விரதம், ஞாயிறு மட்டும் விருந்து என்பவர்கள் திங்கள் காலை ரத்தம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைதான் ரிப்போர்ட்டில் தெரியும்.

3. மொத்தக் கலோரி. காலை உணவாக 100 பாதாம் என்பது தமிழ்ப் பேலியோ வட்டாரத்தில் பிரபலமான கணக்கு. 100 பாதாம் சுமார் 120 கிராம். 700 கலோரிக்குப் பக்கம் வரும். காலை உணவே அதுதான் என்றால் கணக்குச் சரி. அதற்கு மேல் பட்டர் டீயும் மதியம் நெய் மிதக்கும் கறியும் சேர்ந்தால் எடை இறங்காது. எடை இறங்காவிட்டால் கொழுப்புத் திசுவின் கசிவும் நிற்காது.

4. மது. விஸ்கியில் மாவுச்சத்து இல்லை என்பது உண்மையே. ஆனால் மது உள்ளே வந்துவிட்டால் கல்லீரல் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதை எரிக்கும். எரிய வேண்டிய கொழுப்பு வி.எல்.டி.எல். ஆகி வெளியே வரும். கூடவே எண்ணெயில் பொரித்த வறுவல் வந்தால் இரண்டு வரத்தும் ஒரே நேரத்தில் திறக்கும்.

5. இன்சுலின் போதாமை. உணவை மாற்றியதும் மாத்திரையையோ ஊசியையோ தானாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீண்ட காலச் சர்க்கரை நோயில் கணையம் களைத்துப் போயிருந்தால், வெளியிலிருந்து இன்சுலின் தராமல் கொழுப்புத் திசுவின் பூட்டு நிற்காது. மாவை எவ்வளவு குறைத்தாலும் டிரைகிளிசரைடு ஏறும். எச்.பி.ஏ.1.சி. 10, 11 என்று நிற்கும்போது டிரைகிளிசரைடும் 600 என்றால், கொழுப்பு மருந்தைத் தேடுவதற்கு முன் சர்க்கரையைப் பிடிப்பதே சிகிச்சை. பல நேரம் சர்க்கரை இறங்கியதும் அதுவும் தானாக இறங்கிவிடும்.

6. வேறு நோய்கள். தைராய்டு சுரப்பு குறைவதும், சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோயும் முக்கியமானவை. டி.எஸ்.எச். பரிசோதனையும் சிறுநீரில் அல்புமின் பரிசோதனையும் செய்யாமல் உணவை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

7. வேறு நோய்க்கான மருந்துகள். ஸ்டீராய்டு மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான தயசைடு வகை, பழைய பீட்டா தடுப்பான்கள், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், மனநல மருந்துகளில் ஒலன்சபின், குளோசபின். இவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் மருத்துவரிடம் பட்டியலைக் காட்ட வேண்டும்.

8. பரம்பரை. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இதே கதை என்றால் மதகு பிறவியிலேயே சற்றுக் குறுகல். பலருக்கு இது லேசானது. சர்க்கரை நோயோ மதுவோ சேரும்போதுதான் வெடிக்கும். மதகே இல்லாத பிறவிக் கோளாறு மிக அரிது, 10 லட்சத்தில் ஓரிருவருக்குத்தான்.

500ஐத் தாண்டினால் கணக்கு தலைகீழ்

மதகு ஒன்றுதான் என்று பார்த்தோம். அதற்கு ஓர் உச்சத் திறன் உண்டு. டிரைகிளிசரைடு 500ஐ ஒட்டி வரும்போது அந்தத் திறன் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் கல்லீரல் அனுப்பும் துகள்களே வரிசையில் நிற்கின்றன. அந்த நேரத்தில் சாப்பாட்டிலிருந்து வரும் கைலோமைக்ரான்களுக்கு இடமில்லை. 12 மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். 800 உள்ளவர் ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு ஆயிரங்களுக்குப் போய்விடலாம்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே நிற்கும் சீரம் வழக்கமாக இளமஞ்சள் நிறத்தில், தேங்காய் எண்ணெய் உருகினது போலத் தெளிவாக இருக்கும். 1,000ஐத் தாண்டியவரின் குழாயில் அது பால்போல வெளுத்திருக்கும். அந்தக் குழாயை ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால், காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவது போல மேலே வெண்ணிறப் படலம் திரண்டிருக்கும். அந்த ஆடை சாப்பாட்டுக் கொழுப்பு; கைலோமைக்ரான். அதற்குக் கீழேயும் கலங்கலாக இருந்தால் அது கல்லீரல் அனுப்பியது. எந்த வரத்தில் கோளாறு என்பதை ஒரு குளிர்ப்பெட்டியே சொல்லிவிடும். நவீனக் கருவிகள் வருவதற்கு முன் இப்படித்தான் வகை பிரித்தார்கள்.

இந்த நிலையில் அபாயம் இதயத்துக்கு முன் கணையத்துக்கு. 1,000க்கு மேல் போகப் போகக் கணைய அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது. பித்தப்பைக் கல், மது இரண்டுக்கும் அடுத்தபடி கணைய அழற்சிக்கு முக்கியக் காரணம் இதுதான். ஆகவே இங்கே விதி மாறுகிறது. மாவைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டு என்பது 300இல் நல்ல அறிவுரை. 1,000க்கு மேல் அது ஆபத்து. மொத்தக் கலோரியில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு கூடாது என்று கட்டுப்படுத்துவார்கள். மது அறவே கூடாது. சர்க்கரையும் பழச்சாறும் கூடாது.

அப்படியானால் என்னதான் சாப்பிடுவது? கொழுப்பு நீக்கிய பாலில் உறையிட்ட தயிரும் மோரும், முட்டையின் வெள்ளைக் கரு, தோல் நீக்கிய கோழி மார்பு, கொழுப்பு குறைந்த மீன், பயறு வகைகள், கீரை, நீர்க் காய்கள், அளவான கஞ்சி. தாளிப்பதற்கும் எண்ணெயை எண்ணி விட வேண்டும். சுவையாக இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரச் சிறைதான். எண் 500க்குக் கீழே வந்து, மூலக் காரணமும் அடங்கிய பிறகு கொழுப்பை மெல்ல மெல்லச் சேர்க்கலாம்.

தேங்காய் எண்ணெய் பற்றிய ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடலாம். நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் கைலோமைக்ரானில் ஏறாமல் நேராகக் கல்லீரலுக்குப் போகும்; அதனால் எம்.சி.டி. எண்ணெயைச் சில நோயாளிகளுக்கு மருத்துவர்கள் தருவதுண்டு. தேங்காய் எண்ணெயும் அதே வகை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். வேதியியல் புத்தகத்தில் அது நடுத்தரப் பட்டியலில் இருந்தாலும், குடலில் அதன் பெரும்பகுதி கைலோமைக்ரானில்தான் ஏறுகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

டிரைகிளிசரைடு இறங்கியது, எல்.டி.எல். என்ன ஆயிற்று?

ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல். பல லேபுகளில் நேரடியாக அளந்ததில்லை, கணக்குப் போட்டது. 1972இல் ஃப்ரீட்வால்டு குழுவினர் தந்த சூத்திரம்: மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழி, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது. அதற்கு முன்பே நொண்டத் தொடங்கிவிடும்.

ஒரு கணக்கு. மொத்தக் கொலஸ்டிரால் 230, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 380. 230இலிருந்து 38 போக 192. அதிலிருந்து 76 போக 116. எல்.டி.எல். 116 என்று தாளில் வரும். பரவாயில்லை என்று மடித்து வைத்துவிடுவோம். ஆனால் நடுவில் வந்த அந்த 192ஐப் பாருங்கள். எச்.டி.எல். தவிர்த்த கொலஸ்டிரால் அது. தமனிச் சுவரில் படியக் கூடிய எல்லாத் துகள்களும் அதில் அடக்கம். சர்க்கரை நோயாளிக்கு அது 130க்குக் கீழே இருக்க வேண்டும், இதய நோயும் இருந்தால் 100க்குக் கீழே. டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்கள் நம்ப வேண்டிய எண் இது. இதற்குத் தனிப் பரிசோதனை வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். ஒரு கழித்தல் போதும்.

மாவைக் குறைத்து நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெயைத் தாராளமாக்கியவர்களில் சிலருக்கு டிரைகிளிசரைடு அழகாக இறங்கிவிட்டு எல்.டி.எல். வெகுவாக ஏறிவிடுகிறது. டிரைகிளிசரைடு குறைந்துவிட்டால் எல்.டி.எல். எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை என்று இணையத்தில் உறுதியாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆதாரம் அந்தப் பக்கம் இல்லை. செய்ய வேண்டியது எளிது: மாவுச்சத்தைக் குறைவாகவே வைத்துக்கொண்டு கொழுப்பின் வகையை மாற்றுவது. வெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ. கொழுப்பு மிகுந்த கறிக்குப் பதில் மத்தி, அயலை, நெத்திலி. இந்த மலிவு மீன்களில் ஒமேகா-3 மிகுதி. வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் விலையை நினைத்தால் மத்திக்கு ஏன் மரியாதை இல்லை என்று புரிவதில்லை. குழம்பு வைத்தால் பலன். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் பாதி போய்விடும்.

உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் டிரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் இறங்கும். வேகமான ஒரு நடைப்பயிற்சி தசைகளிலுள்ள மதகை ஓரிரு நாள் அகலத் திறந்து வைக்கிறது. வாரத்தில் ஒரே நாள் பத்துக் கிலோமீட்டர் நடப்பதைவிடத் தினம் அரை மணி நேரம் நடப்பது மேல் என்பதற்கு உடலியல் காரணம் இது.

உணவை மாற்றும் முன் மாத்திரைப் பெட்டியைத் திறக்க வேண்டும்

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்ந்துவிடும். அளவைக் குறைப்பது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. உணவு மாறுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் ஆபத்து வேறு. இவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுகின்றன. இவற்றோடு கீட்டோ அளவுக்கு மாவைக் குறைத்தால் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக் கூடும். குளுக்கோமீட்டர் 160, 180 என்று சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும்; நோயாளி வாந்தியும் மூச்சிரைப்புமாகப் படுத்திருப்பார். மீட்டரை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

மருந்து எங்கே வருகிறது

டிரைகிளிசரைடு 500க்குக் கீழே உள்ள சர்க்கரை நோயாளிக்கு முதல் மருந்து ஸ்டாட்டின். அது முதன்மையாக எல்.டி.எல்.லைத்தான் குறைக்கிறது, டிரைகிளிசரைடைக் கொஞ்சம்தான். இருந்தும் முதலிடம் தருவதற்குக் காரணம், மாரடைப்பைத் தடுப்பதாக நிரூபணமானது அதுவே.

டிரைகிளிசரைடை நேராகக் குறைக்கும் ஃபைப்ரேட்டுகளின் கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய ஃபீல்டு ஆய்விலும் (2005) அக்கார்டு ஆய்விலும் (2010) ஃபெனோஃபைப்ரேட், தான் முதன்மையாக நிரூபிக்க வேண்டியிருந்த இதயப் பலனைத் தெளிவாகக் காட்டவில்லை. 2022இல் வெளியான ப்ராமினென்ட் ஆய்வு இன்னும் கூர்மையானது. பெமாஃபைப்ரேட் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் டிரைகிளிசரைடைச் சுமார் 26 சதவீதம் குறைத்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. எண்ணைக் குறைப்பது ஒன்று, நோயைக் குறைப்பது மற்றொன்று. ஆனால் 500க்கு மேல், கணையத்தைக் காப்பதற்காக ஃபெனோஃபைப்ரேட்டுக்கு இன்றும் இடம் உண்டு. சர்க்கரை நோய் கண்ணின் விழித்திரையைப் பாதிப்பதை அது மெதுவாக்குகிறது என்பது எதிர்பாராமல் கிடைத்த நல்ல செய்தி. இந்தியாவில் 2013 முதல் சரோகிளிட்டசார் என்ற உள்நாட்டு மருந்தும் இந்தத் தேவைக்காகவே புழக்கத்தில் இருக்கிறது.

மீன் எண்ணெய் மாத்திரை தனிக் கணக்கு. 2018இல் முடிவு வெளியான ரெட்யூஸ்-இட் ஆய்வில், 8,179 பேரிடம், இ.பி.ஏ. என்ற ஒமேகா-3யின் சுத்திகரித்த வடிவம் தினம் 4 கிராம் தந்தபோது இதய நிகழ்வுகள் 25 சதவீதம் குறைந்தன. ஒப்பீட்டுக் குழுவுக்குத் தந்த கனிம எண்ணெயே கெடுதல் செய்திருக்கலாம் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3களையும் கலந்து தந்த ஸ்ட்ரெங்த் ஆய்வு 2020இல் பலனின்றி முடிந்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் மாத்திரையைத் திருப்பிப் பார்த்தால் 180 மில்லிகிராம் இ.பி.ஏ., 120 மில்லிகிராம் டி.எச்.ஏ. என்று எழுதியிருக்கும். உருப்படியான சத்து 300 மில்லிகிராம். மீதி வெறும் எண்ணெய். 4 கிராம் வேண்டுமென்றால் தினம் 13 மாத்திரை விழுங்க வேண்டும். தினம் ஒன்று விழுங்குவதால் டிரைகிளிசரைடு அசையாது, பணம்தான் கரையும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி, முன்னால் குனிந்தால் மட்டும் சற்றுத் தணிவது, நிற்காத வாந்தி: டிரைகிளிசரைடு 500க்கு மேல் என்று தெரிந்தவருக்கு இவை வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கடுகளவு மஞ்சள் பருக்கள் கூட்டமாகத் தோன்றினாலும் எண் ஆயிரங்களில் இருக்கிறது என்று பொருள். வலி வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

போகும்போது பழைய லிப்பிட் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கணைய அழற்சியைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்கும் அமைலேஸ் அளவை, பால்போன்ற சீரம் பொய்யாகக் குறைத்துக் காட்டக் கூடும். டிரைகிளிசரைடு 1,500 என்று முதலிலேயே தெரிந்தால், அமைலேஸ் இயல்பாக வந்தாலும் மருத்துவர் அதோடு நிற்காமல் லைப்பேஸையும் ஸ்கேனையும் எழுதிக் கொடுப்பார்.